கொழுந்துக் கூடையும் இடுப்புத்தளமும்: குடும்ப சுகாதார உத்தியோகத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

நோர்வூட் வட்டாரத் தோட்டங்களில் பணியாற்றும் குடும்ப சுகாதார உத்தியோகத்தர்களுக்கும் தோட்ட மருத்துவமாதர்களுக்கும்,



இருமும்போதும் தும்மும்போதும் கொழுந்துக் கூடையைத் தூக்கும்போதும் சிறுநீர் கசிவதும், மாலையில் அடிவயிறு கனத்துக் கருப்பை கீழே இறங்கி வருவதுபோல் தோன்றுவதும், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வழக்கமாக வருபவை என்றே தோட்டக் குடும்பங்களில் பலகாலமாகக் கருதப்பட்டு வருகின்றன. தாயும் மாமியாரும் அனுபவித்ததை மகளும் மருமகளும் அனுபவிப்பதால் அது நோயாகவே எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாததால் கிளினிக்கில் சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாததால் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. உண்மையில் இக்குறைகளிற் பெரும்பாலானவை தசையில் நேர்ந்த காயத்தின் விளைவுகள் என்பதும், அக்காயத்துக்குப் பிசியோதெரபி எனப்படும் இயன்மருத்துவத்தில் தனியொரு சிறப்புப் பிரிவு வளர்ந்துள்ளது என்பதும், அதன் பயன் ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது என்பதும் இம்மடலின் அடிப்படைச் செய்திகள். பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய முதல் வாரங்களில் லயத்து அறைக்குள் சென்று தாயோடு தனித்துப் பேசும் வாய்ப்பு சுகாதாரத் துறையில் தங்களுக்கே உள்ளதால், இது தங்களுக்கு எழுதப்படுகிறது.

இடுப்பெலும்பின் முன்புறத்தில் உள்ள பூப்பென்பிலிருந்து முதுகுத்தண்டின் நுனியான குயிலலகு வரையிலும், இருபக்க எலும்புகளுக்கு இடையிலும் விரிந்திருக்கும் தசைத்தொகுதி இடுப்புத்தளம் எனப்படுகிறது. கட்டித் தொங்கவிட்ட ஏணைத் துணி குழந்தையின் பாரத்தைத் தாங்குவதுபோல, இத்தசைகள் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குகின்றன. அதோடு சிறுநீர்வழி, பிறப்புவழி, மலவாய் ஆகியவற்றைச் சுற்றி நின்று, தேவைப்படும்போது இறுகவும் தேவைப்படும்போது தளரவும் செய்கின்றன. இத்தசைகளில் இருவகை இழைகள் உண்டு. மெதுவாக இயங்கும் இழைகள் நாள் முழுவதும் சிறிதளவு இறுக்கத்தோடு இருந்து உறுப்புகளின் பாரத்தை ஏற்கின்றன. விரைவாக இயங்கும் இழைகள் இருமல், தும்மல், சுமை தூக்கல் போன்றவற்றால் வயிற்றுக்குள் அழுத்தம் திடீரென உயரும் கணத்தில் சிறுநீர்வழியை அடைக்கின்றன. முன்னவை தளர்ந்தால் உறுப்பு இறக்கமும், பின்னவை பிந்தினால் கசிவும் தோன்றுவதற்கு வழி ஏற்படுகிறது. அழுத்தம் உயரும்போது நேரும் கசிவை அழுத்தச் சிறுநீர்க்கசிவு என்றும், அடக்க இயலாத அவசரத்தோடு கழிப்பறையை அடையுமுன் நேரும் கசிவை அவசரச் சிறுநீர்க்கசிவு என்றும், கருப்பையோ சிறுநீர்ப்பையோ மலக்குடலோ பிறப்புவழிக்குள் சரிந்து வருவதை இடுப்புறுப்பு இறக்கம் என்றும் மருத்துவம் வகுக்கிறது. பேச்சில் அடிதள்ளல் எனப்படுவது இம்மூன்றாவதே.

இத்தசைகளுக்குப் பெருங்காயம் விளைவது பெரும்பாலும் பிள்ளைப்பேற்றின் போதுதான். குழந்தையின் தலை வெளிவரும் வேளையில் இடுப்புத்தளத்தின் நடுப்பகுதித் தசை தன் இயல்பான நீளத்தைப் போல் 3.26 மடங்கு வரை இழுபடக்கூடும் என்று, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வொன்று கணித்தது. எலும்போடு இணைந்த தசைகள் பொதுவாக இவ்வளவு இழுபட்டுத் தாங்குவதில்லை. எனினும் பெரும்பாலான பெண்களில் அத்தசை மாதங்கள் செல்லச் செல்ல மீள்கிறது. மீள்வதற்கு ஓய்வும் படிப்படியாகக் கூட்டப்படும் பயிற்சியும் வேண்டும். கையில் முறிவு ஏற்பட்டவருக்குக் கட்டு அவிழ்த்தபின் பயிற்சி தேவை என்பதை எவரும் மறுப்பதில்லை. பேற்றில் இழுபட்ட தசைக்கு மட்டும் அத்தகைய கவனிப்பு இல்லாமலே போய்விட்டதற்கு, அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதும், அவ்விடத்தைப் பற்றிப் பேசுவது கூச்சத்துக்குரியதாகக் கொள்ளப்பட்டதும் தவிர வேறு காரணம் காண்பது கடினம்.

தேயிலை மலையின் வேலை இக்காயத்தின்மேல் நாள்தோறும் பாரம் ஏற்றுகிறது. செங்குத்தான சரிவில் கால்களை அகற்றி ஊன்றி, தலையிலிருந்து கயிற்றால் முதுகில் தொங்கும் கூடையோ பையோ நிரம்ப நிரம்ப, உடலை முன்சாய்த்து நிற்கும் நிலை பல மணிநேரம் நீடிக்கிறது. நிறுவைக்குக் கொழுந்தைச் சுமந்து செல்லும்போதும், விறகுக்கட்டைத் தூக்கும்போதும், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போதும் மூச்சை அடக்கித் தூக்குவதே பலருக்கும் வழக்கமாக இருப்பதால், வயிற்றழுத்தம் முழுவதும் இடுப்புத்தளத்தின்மேல் இறங்குகிறது. குறிக்கப்பட்ட கிலோவை எட்டாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி மட்டுமே, விழும் என்ற அச்சம் இடையில் உட்காரவோ ஒதுங்கவோ விடுவதில்லை. மலையில் கழிப்பிடம் இல்லாத இடங்களில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர் செறிவடைந்து சிறுநீர்ப்பையை உறுத்துவதும், தொற்று வருவதும், மலச்சிக்கல் ஏற்பட்டு முக்கி முக்கி மலங்கழிப்பதும் ஒன்றையொன்று தொடர்கின்றன. புகைபோக்கி சரியில்லாத லயத்துச் சமையலறையில் விறகுப்புகையால் வரும் நாட்பட்ட இருமலையும், மலைக்குளிரில் அடிக்கடி வரும் சளியையும் இதனோடு சேர்த்துக் கணக்கிட்டால், கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் இடுப்புத்தளம் ஒரு நாளில் எத்தனை முறை அதிர்கிறது என்பதைத் தாங்கள் எளிதில் உணரலாம்.

இக்காயத்தைப் பயிற்சியால் மீட்கும் இயன்மருத்துவத் துறையின் வரலாறு அதிகம் அறியப்படாதது. இங்கிலாந்தில் 1930களிலேயே, இலண்டன் புனித தோமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மின்னி ராண்டெலும், நடனக்கலைஞராக இருந்து இயன்மருத்துவத்துக்கு வந்த மார்கரெட் மொரிஸும் பேற்றுக்குப் பிந்திய பயிற்சிகளை வகுத்து எழுதினர். அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னல்ட் கீகல், தசை இறுகும் வலிமையை அளக்கும் கருவியொன்றை அமைத்து, தளர்ந்த இடுப்புத்தளத்தைப் பயிற்சியால் மீட்கலாம் என்பதை 1948இல் மருத்துவ இதழில் வெளியிட்டதால், அப்பயிற்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பெயர் மருத்துவருக்குப் போயிற்று என்றாலும், பணியை வளர்த்தவர்கள் பெண் இயன்மருத்துவர்களே என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

கீகலின் காலத்துக்குப் பின் நடந்த ஆய்வுகள் பல. அவற்றுள் மூன்று தங்கள் பணியோடு நேரே தொடர்புடையவை. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் 2018ஆம் ஆண்டு மீளாய்வு, அழுத்தச் சிறுநீர்க்கசிவு உள்ள பெண்களில் இடுப்புத்தளப் பயிற்சி பெற்றோரில் 56 சதவீதத்தினர் குணமடைந்ததாகத் தெரிவித்தனர் என்றும், பயிற்சி பெறாதோரில் அது 6 சதவீதமே என்றும் கண்டது. பிரிட்டன், நியூசிலாந்து, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 447 பெண்களிடம் நடத்தப்பட்டு 2014இல் லான்செட் இதழில் வெளியான சோதனை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வகுக்கப்பட்ட பயிற்சி உறுப்பிறக்கத்தின் தொல்லைகளைக் குறைக்கிறது என்று காட்டியது. மூன்றாவது ஆய்வு சிறியது. ஆனால் மற்ற இரண்டையும்விட அதிகம் சிந்திக்க வைப்பது. அமெரிக்காவில் 1991இல் பம்ப் என்ற மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் 47 பெண்களுக்கு இப்பயிற்சியைச் சுருக்கமாக வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்து, அவர்கள் அதை எவ்வாறு செய்கிறார்கள் என்று அளந்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் மட்டுமே சரியாகச் செய்தனர்; நான்கில் ஒருவர் மேல்நோக்கி இழுப்பதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்கினர், அதாவது கசிவைக் கூட்டக்கூடிய விதத்தில் செய்தனர்.

பேற்றுக்குப் பிந்திய விடுதியில் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தோ, இறுக்கி விடுங்கள் என்று ஒரு வரியில் சொல்லியோ அனுப்புவது ஏன் போதாது என்பதற்கு இம்முடிவே விடை. தன் கண்ணால் காண இயலாத தசையை ஒருவர் சரியாக இயக்குகிறாரா என்பதை, பயிற்சி பெற்ற வேறொருவர் தொட்டோ கருவியால் அளந்தோதான் அறியமுடியும். சிறப்புப் பயிற்சி பெற்ற இயன்மருத்துவரின் பணி இங்கேதான் தொடங்குகிறது. அவர் முதலில் நெடுநேரம் கேட்கிறார்: எத்தனை பேறு, எவ்வகைப் பேறு, தையல் இடப்பட்டதா, ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழிகிறது, எதைத் தூக்கும்போது கசிகிறது, மலச்சிக்கல் உண்டா, தாம்பத்திய உறவில் வலி உண்டா என்பன அக்கேள்விகள். பின்னர், பெண்ணின் தெளிவான சம்மதத்தோடும் மறைப்போடும் துணைக்கு ஒரு பெண்ணோடும், கையுறை அணிந்த விரலால் தசையின் வலிமையைச் சோதித்து, அசைவே இல்லாத நிலையை 0 என்றும் வலிய இறுக்கத்தை 5 என்றும் கொண்ட அளவுகோலில் குறிக்கிறார். எத்தனை விநாடி இறுக்கத்தைத் தக்கவைக்க முடிகிறது, களைப்பதற்குமுன் எத்தனை முறை மீளச் செய்யமுடிகிறது என்பனவும் பதியப்படுகின்றன. சம்மதியாத பெண்ணிடம் இச்சோதனை செய்யப்படுவதில்லை. வெளியிலிருந்து கவனித்தும், வயிற்றின்மேல் ஸ்கேன் வைத்தும் பார்க்கும் மாற்றுவழிகள் உண்டு.

அளவு தெரிந்தபின் பயிற்சி அந்தப் பெண்ணுக்கென்றே வகுக்கப்படுகிறது. மூன்று விநாடி மட்டுமே தக்கவைக்கக்கூடியவருக்குப் பத்து விநாடிப் பயிற்சி கொடுத்தால், களைத்த இடுப்புத்தளத்துக்குப் பதிலாகத் தொடையும் பிட்டமும் வேலை செய்யத் தொடங்கிவிடும். இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டல் ஒரு தடவைக்குக் குறைந்தது 8 இறுக்கங்களாக, நாளொன்றுக்கு 3 தடவை, மேற்பார்வையோடு குறைந்தது 3 மாதம் பயிற்சி செய்வதையே அழுத்தச் சிறுநீர்க்கசிவுக்கு முதற் சிகிச்சையாக வைக்கிறது. இதனோடு, இருமுவதற்கும் தூக்குவதற்கும் சற்று முன்னரே இடுப்புத்தளத்தை இறுக்கிக்கொள்ளும் உத்தியும் கற்பிக்கப்படுகிறது. 1998இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வுத்தியைக் கற்ற மூத்த பெண்கள் ஒரே வாரத்தில் இருமலின்போதான கசிவைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்துக்கொண்டது பதிவாகியுள்ளது. கூடையை ஏற்றும்முன் இறுக்குதல், மூச்சை வெளிவிட்டபடி தூக்குதல் ஆகிய இரண்டையும் மலையில் நின்றபடியே ஒரு பெண் செய்யலாம். அருகிலிருப்பவருக்குத் தெரியவும் தெரியாது.

இப்பயிற்சி எல்லாருக்கும் ஏற்றதன்று என்பதையும் தாங்கள் அறிந்திருத்தல் நலம். சில பெண்களில் இடுப்புத்தளம் தளர்வதற்குப் பதிலாக விடாமல் இறுகிக் கிடக்கிறது. உறவில் கடும் வலி, சிறுநீர் கழிக்கத் தொடங்குவதில் தடை, மலங்கழிக்கையில் அடைப்பு ஆகியன அதன் அறிகுறிகள். அத்தகையோருக்கு இறுக்கும் பயிற்சி தீங்கையே செய்யும். முதலில் தளர்த்தக் கற்பிக்கவேண்டும். அச்சமும் வன்முறையும் நிறைந்த இல்லற வாழ்வு இவ்விறுக்கத்தின் பின்னணியில் இருப்பதும் உண்டு என்பதால், கேட்பவரின் பொறுமையும் இரகசியம் காக்கும் ஒழுக்கமும் இங்கே சிகிச்சையின் பகுதியே. உறுப்பு பிறப்புவழிக்கு வெளியே வந்துவிட்ட நிலையிலும், சிறுநீரில் இரத்தம் கலந்துவரும் நிலையிலும், மாதவிடாய் நின்றபின் குருதிப்போக்கு ஏற்படும் நிலையிலும் பயிற்சியைப் பற்றி எண்ணாமல் உடனே மகப்பேற்று மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

இலங்கையில் சட்டமும் நிறுவனங்களும் இவ்விடயத்தில் வெறுமையாக இல்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கு நிர்வாகத்தைப் பொறுப்பாக்கிய சட்டம் 1912இலும், மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இலும் வந்தன. மூன்றாம் பிள்ளையிலிருந்து 6 வாரமாகச் சுருங்கிய மகப்பேற்று விடுமுறை, 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் எத்தனையாவது பிள்ளைக்கும் 12 வாரமாயிற்று. அதில் 10 வாரம் பேற்றுக்குப் பிந்தியது. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியில் வந்த தங்கள் வீட்டுத் தரிசிப்புகள் முதல் 10 நாட்களுக்குள் இருமுறையும், ஆறாவது வாரத்தையொட்டி மீண்டும் அமைகின்றன. 35 வயதைக் கடந்த பெண்களுக்கென 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்கில் மார்பகமும் கருப்பைக் கழுத்தும் இரத்த அழுத்தமும் பரிசோதிக்கப்படுகின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடம் இயன்மருத்துவப் பட்டதாரிகளை உருவாக்குகிறது. இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு கட்டப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலைக் கட்டடம் 2017 மே 12ஆம் திகதி, இந்தியப் பிரதமர் நோர்வூட் மைதானத்தில் உரையாற்றிய அதே நாளில் திறக்கப்பட்டது. நோர்வூட்டிலிருந்து ஹட்டன் செல்லும் பேருந்து அவ்வழியாகவே போகிறது. தேவைப்படும் 3 மாதப் பயிற்சியின் பெரும்பகுதி பேற்றுக்குப் பிந்திய 10 வாரத்துக்குள் அடங்கக்கூடும் என்பது கவனிக்கத்தக்கது. விடுமுறையில் இருக்கும் தாய்க்கு அரைப்பேர் அச்சம் இல்லை. பயிற்சியைத் தொடங்க அதைவிட ஏற்ற காலம் அவளுக்குப் பின்னர் கிடைப்பதுமில்லை.

இக்காலம் வீணாகும்போது என்ன நேர்கிறது என்பதை அயல்நாடுகளில் காணலாம். பேற்றுக்குப் பின் சில நாட்களிலேயே பெண்கள் பாரம் சுமந்து மலையேறும் நேபாளத்தில் கருப்பை இறக்கம் மிகப் பரவலானதால், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் அதனைப் பெண்களின் இனப்பெருக்க நல உரிமைக்கு நேர்ந்த மீறலாகக் கண்டு, அரசு செயற்பட வேண்டும் என்று கட்டளையிட்டது. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் இளவயதிலேயே பெரும் எண்ணிக்கையில் கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019இல் வெளிவந்து, அம்மாநில அரசு விசாரணைக் குழு அமைக்க நேர்ந்தது. வேலைக்கு ஒரு நாள் தவறினாலும் கூலி போகும் நிலையில், ஓய்வும் பயிற்சியும் கிடைக்காத பெண்ணுக்குக் கத்தியே ஒரே வழியாகக் காட்டப்படுகிறது என்பதே அந்நிகழ்வு உணர்த்தும் கொடுமை. மாறாகப் பிரான்சில், பேற்றுக்குப் பின் இடுப்புத்தள மீட்புப் பயிற்சி மருத்துவமாதராலோ இயன்மருத்துவராலோ அளிக்கப்பட்டு, அதன் செலவைச் சமூகக் காப்புறுதி ஏற்கிறது. அங்கே மருத்துவமாதர்களே இப்பயிற்சியை அளிப்பது தங்கள் கவனத்துக்குச் சிறப்பாக உரியது.

ஆகவே தங்களிடம் கோரப்படுவது முதலில் ஒரு கேள்வி. ஆறாவது வாரத் தரிசிப்பின்போது, மாமியாரும் கணவரும் அருகில்லாத வேளையில், இருமும்போதோ தூக்கும்போதோ சிறுநீர் கசிகிறதா, கீழே ஏதும் இறங்குவதுபோல் இருக்கிறதா என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டு, விடையைக் குறித்து வைத்தல் வேண்டும். தானாகச் சொல்லாத பெண்ணும் கேட்டால் சொல்வாள். அக்கேள்வியையே சுகவனிதையர் கிளினிக்குக்கு வரும் மூத்த பெண்களிடமும் கேட்கலாம். இருபது ஆண்டு கடந்த கசிவும் பயிற்சியால் குறையக்கூடும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகச் சொல்லும் பழைய அறிவுரை பையை முழுதாகக் காலியாகவிடாமல் தடுக்கும் என்பதால், அதைப் பயிற்சியாகச் சொல்லாதிருத்தல் வேண்டும். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதிருக்கவும், மூச்சை விட்டபடி தூக்கவும், குழந்தையோடு படுத்திருக்கும்போது மெல்ல இறுக்கி, முழுதாகத் தளர்த்தவும் கற்பிப்பது தங்கள் கைக்கு எட்டியதே. ஆனால் சரியாகச் செய்கிறாளா என்று சோதிப்பதற்கு ஓர் இயன்மருத்துவர் வேண்டும். அவர் பெண்ணாகவும், தமிழில் கேட்டுத் தமிழில் விளக்கக்கூடியவராகவும் இருத்தல் வேண்டும். தன் உடலின் மிக மறைவான குறையை ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்ல நேர்வது, அதைச் சொல்லாமல் விடுவதற்கே பெரும்பாலும் காரணமாகிறது.

பயிற்சி மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பவைப்பது பெண்களுக்குச் செய்யும் அநீதி. மலையில் கழிப்பிடம் அமைப்பதும், நிறுவை இடத்தை அருகில் கொண்டுவருவதும், பேற்றிலிருந்து திரும்பிய பெண்ணுக்கு முதல் மாதங்களில் சுமையைக் குறைத்து இலேசான வேலை கொடுப்பதும், அதற்காக அவள் பேரை அரையாக்காமல் இருப்பதும் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பு. அதை நாட்சம்பளப் பேச்சுகளில் சேர்த்து எழுப்புவது தொழிற்சங்கங்களின் கடமை. அச்சங்கங்களின் மாதர் பிரிவுகளுக்கு இதைவிட நெருக்கமான கோரிக்கை இருக்க இயலாது. ஆனால் எழுப்புவதற்குத் தரவு வேண்டும். ஒரு தோட்டத்தில் ஓராண்டில் எத்தனை தாய்மாருக்குக் கசிவு, எத்தனை பேருக்கு இறக்கம், அவர்கள் எத்தனை வாரத்தில் மலைக்குத் திரும்பினர் என்ற விபரத்தைப் பெயரின்றித் தொகுத்து வைத்திருக்கக்கூடியவர்கள் தாங்களே.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் மாதந்தோறும் நடைபெறும் தங்கள் கூட்டத்தில் இரு தீர்மானங்கள் எழுத்தில் வைக்கப்பட வேண்டும் என்று இம்மடல் கேட்டுக்கொள்கிறது. ஆறாவது வாரக் கேள்விகள் இரண்டும் தரிசிப்புப் பதிவில் இடம்பெற வேண்டும் என்பது ஒன்று. கிளங்கன் வைத்தியசாலையில் பெண்களின் இடுப்புத்தள நலத்துக்கெனப் பயிற்சி பெற்ற பெண் இயன்மருத்துவர் நடத்தும் கிளினிக் வாரத்தில் ஒரு நாளேனும் நிரந்தரமாக நடைபெற வேண்டும், அந்நாள் தாயும் சேயும் தடுப்பூசிக்கு வரும் நாளோடு பொருந்தி அமைய வேண்டும், அங்கு சென்று திரும்பும் நாளுக்கு முழுப்பேர் போடப்பட வேண்டும் என்பது மற்றையது.

இங்ஙனம்,
மலையகப் பெண்களின் நலம் நாடுவோர்